உரோமக் கோட்டும் ஒரு புள்ளித் தோல்வியும்

ஜூன் மாதத்து வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. இறந்துபோன ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியம்மாவின், உரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் ஸ்கூட்டர்காரர்களின் தலைக்கவசத்தோடு, இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகர ஓரத்தில் ஒரு செம்மண் மைதானத்தில் குனிந்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றி நிற்கிறேன். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடுகிறது. கோட்டிலிருந்து பூச்சி உருண்டை மணக்கிறது.

என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு மூக்கு. கத்தானியாவிலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் இறைச்சிக்கடைக்காரருடையது. அவருக்குத் தோளில் கவசம், முகத்துக்குக் கம்பி வலை, எல்லாம் முறைப்படி இருந்தன. இன்னும் சில விநாடிகளில் அவர் என்மேல் பாய வேண்டும். அதுதான் விளையாட்டு. ஆனால் அவருடைய கண் என் கோட்டின் உரோமக் கழுத்தை விட்டு நகரவில்லை.

"இது நரி உரோமமா, மிங்க் உரோமமா?" என்று இத்தாலிய மொழியில் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"தெரியாது சிஞ்ஞோரே. நான் இந்தக் கழகத்தின் பொது முகாமையாளர்" என்றேன்.

அவர் பாயவில்லை. பாவம், எப்படிப் பாய்வார்?

போன வாரத் தொடரில், நான் பலேர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் மீன் வாங்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கோபித்துக் கடிதம் போட்டிருக்கிறார். "ஒரு வாரம் சமையல், ஒரு வாரம் கிழவிக்கு மருந்து, ஒரு வாரம் மீன். நீங்கள் அங்கே என்னதான் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்கிறார். அம்மா, எல்லாம்தான் பார்த்தேன். அதிலே பெரிய பதவி இந்த வாரம் வருகிறது. சற்றுப் பொறுமையாக இருங்கள், ஏனென்றால் அந்த இறைச்சிக்கடைக்காரரை அப்படியே குனிந்த நிலையில் விட்டுவிட்டு நான் இரண்டு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஆறு கோட்டுகள்

போர்கோ வெக்கியோவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்த வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவன் கிழவிக்குக் கால் பிடிக்கிறானே என்று எனக்கே என்மேல் எரிச்சல் வரும். ஆனால் சிஞ்ஞோரா நல்ல மனுஷி. திட்டும்போதுகூட முழுப் பெயரைச் சொல்லி, "அல்ஃபோன்சோ, நீ ஒரு கழுதை" என்று ஒழுங்காகத் திட்டுவார்.

ஒருநாள் அவருடைய அண்ணன் மகன் கனடாவிலிருந்து வந்து இறங்கினார். வின்சென்ஸோ என்று பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கதவால் நேராக நுழைய முடியாது, ஒரு தோளை முதலில் விட்டு மற்றத் தோளை இழுத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் தன்னை 'கோச்' என்றே கூப்பிட வேண்டும் என்றார். சிஞ்ஞோரா மட்டும் கடைசிவரை 'குழந்தை' என்று கூப்பிட்டார்.

கூப்பிட்டதில் பிழையும் இல்லை. ஆறு வயதில் அதே தெருவிலிருந்து துறைமுகத்துக்கு நடந்துபோய்க் கனடாவுக்குக் கப்பல் ஏறியவர் அவர். அவருக்குத் தெரிந்த சிசிலியப் பேச்சு ஆறு வயதோடு நின்றுவிட்டது. மீன்காரன் எடையில் ஏமாற்றினால் அந்தப் பெரிய உடம்போடு நின்று, "நீ கெட்டவன். உன்னோடு இனி விளையாட மாட்டேன்" என்பார். மீன்காரனுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாது.

இரண்டு பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். சின்னதில் சட்டைகளும் மூலை மடங்கிய ஒரு விதிப்புத்தகமும். பெரியதில் ஆறு குளிர்காலக் கோட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மெத்தை கனம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கழகத்தின் சின்னம். ஒன்றில் கரடி, ஒன்றில் கோதுமைக் கதிர், ஒன்றில் என்னவென்றே தெரியாத ஒரு பறவை.

பலேர்மோவில் குளிர்காலம் என்பது ஒரு சுவெட்டர். எதற்கு இத்தனை கோட்டு என்று கேட்டேன்.

"என்னை வேலையை விட்டு அனுப்பிய கழகங்கள்" என்றார். "அனுப்பும்போது கோட்டைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வெளியே அவ்வளவு குளிர்."

சரியாக இருந்ததன் பலன்

கனடாவில் ஓர் உதைபந்தாட்டம் இருக்கிறது. அதில் பந்தை உதைப்பது கொஞ்சம், கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் கூட. பந்தும் உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூர். அமெரிக்காக்காரர் பதினொரு பேர் ஆடுவதை இவர்கள் பன்னிரண்டு பேராக, இன்னும் நீளமான மைதானத்தில் ஆடுவார்கள். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் இந்த அத்தியாயத்துக்குப் போதும்.

கோச் முதலில் ஆட்டக்காரர், பிறகு பள்ளிக்கூடப் பயிற்சியாளர், பிறகு பெரிய கழகங்களில் பயிற்சியாளர், கடைசியில் மேல்மாடியில் கண்ணாடி அறையில் உட்காரும் நிர்வாகி. படிப்படியாக ஏறியவர். ஒவ்வொரு படியிலிருந்தும் தள்ளிவிடப்பட்டவர்.

முதல் கழகத்தில், எதிரணியின் திட்டக் குறிப்பேடு பஸ்ஸில் கிடந்து அவர் கைக்கு வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் உறையில் போட்டு அவர்களுக்கே அனுப்பிவைத்தார். அதில் போனது வேலை. இரண்டாவது கழகத்தில், தன் அணியில் பதின்மூன்று பேர் நிற்பதை நடுவர் கவனிக்கவில்லை என்று இவரே ஓடிப்போய்ச் சொன்னார். நாலாவது கழகம் இவரை நியமித்த அன்றே மூடிவிட்டது. ஆனாலும் முறைப்படி வேலைநீக்கக் கடிதம் தர வேண்டும் என்று இவர் நின்று வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவதையும் ஐந்தாவதையும் கேட்டால் எழுந்து போய்ப் பால்கனியில் நிற்பார்.

ஆறாவதுதான் அவரைப் பலேர்மோவுக்கு அனுப்பியது. அந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரமான விதி உண்டு. கோலை நோக்கி உதைத்த பந்து தவறிப்போய் எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பாலுள்ள கடைசிப் பகுதிக்குள் விழுந்தாலும், அவர்கள் அதை வெளியே கொண்டுவராவிட்டால் உதைத்தவர்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். தவறியதற்கு ஒரு புள்ளி! கேட்டதும் எனக்கு அந்த நாட்டின்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனால் பந்து கம்பத்தில் பட்டுவிட்டால் அந்த ஒன்றும் கிடையாது.

அவருடைய கழகம் கடைசி நிமிடத்தில் அப்படித் தவறிய ஒரு புள்ளியால் வென்றது. அரங்கமே துள்ளியது. மேலே கண்ணாடி அறையில் இருந்த கோச், பந்து கம்பத்தை உரசியதைக் கண்டுவிட்டார். வேறு ஒருவரும் காணவில்லை. லிஃப்டில் இறங்கி வந்து நடுவரிடம் சொன்னார். மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்தில் அவர் பெயரை அழித்திருந்தார்களாம்.

"பெயின்ட் ஈரமாக இருந்தது, அல்ஃபோன்சோ. என் காரிலும் கொஞ்சம் பட்டுவிட்டது."

"வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, கோச்?"

"பட்டது பட்டதுதானே?" என்றார். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை.

பெரிய பதவி

மாசி மாதத்தில் சிஞ்ஞோரா காலமானார். ஒரு காலை, காப்பியில் சீனி போதாது என்று என்னைத் திட்டிவிட்டுக் கண்ணை மூடியவர் பிறகு திறக்கவில்லை. நான் அழுதேன். அழுது முடித்தபிறகுதான் என் பெர்மெஸ்ஸோவின் ஞாபகம் வந்தது. அங்கே தங்கியிருக்க அரசாங்கம் தருகிற அந்த அனுமதிக் காகிதம் சிஞ்ஞோராவின் வேலை ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூலை முடிவில் அது காலாவதி.

என் மனைவி ஜெசிந்தா அப்போது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இரண்டு வருடமாக இருந்தாள். பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் அவளைக் கூப்பிடலாம். கடைசிக் கடிதத்தில், "இந்த வருசத்துக்குள்ளை கூப்பிடுவியளோ, இல்லாட்டி நான் ஊருக்கே திரும்பிப் போகட்டோ?" என்று எழுதியிருந்தாள். சண்டையில் ஊருக்குப் போகப் பாதையும் இல்லை, போனால் இருக்க வீடும் இல்லை. அதை அவளும் அறிவாள். அறிந்துகொண்டுதான் எழுதியிருந்தாள். அந்த வரியை நான் பத்துத் தடவைக்கு மேல் படித்திருப்பேன்.

வேலை கிடைத்தது. ஒப்பந்தம் எழுதித் தரத்தான் ஒருவரும் இல்லை. சிஞ்ஞோராவின் வீடு இப்போது கோச்சுடையது, நானும் அங்கேதான் தங்கியிருந்தேன். கடைசியில் அவரிடம் போய், என்னை உங்கள் வீட்டு வேலைக்காரன் என்று ஒரு தாள் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன்.

"என் வீட்டை நான்தானே கூட்டுகிறேன்? அது பொய்யாகிவிடும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆனால் நான் ஒரு கழகம் தொடங்கப்போகிறேன். கழகத்துக்கு ஒரு பொது முகாமையாளர் வேண்டும். அது உண்மை" என்றார்.

இரண்டு பேரும் பெர்மெஸ்ஸோ தருகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவுக்குப் போனோம். அங்கே எங்களுக்கு வாய்த்த இஸ்பெத்தோரே, அதாவது இன்ஸ்பெக்டர், ஒல்லியான மனிதர். வருடக்கணக்காகப் பொய்க் காகிதங்களைப் பார்த்துப் பார்த்து, நல்ல காகிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. கோச் அவர் முன்னால் நின்று தன் ஆறு வயதுச் சிசிலியத்தில், "இவர் என் நண்பர். நாங்கள் பந்து விளையாடுவோம். இவரை அனுப்ப வேண்டாம்" என்றார்.

இஸ்பெத்தோரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கழகம் எங்கே இருக்கிறது?"

"இனித்தான்."

"சரி. ஒரு போட்டி நடத்துங்கள். நான் வந்து பார்க்கிறேன். ஆட்டம் முடிந்து, முடிவு எழுதி, நடுவரும் இரண்டு பயிற்சியாளரும் கையெழுத்துப் போட்ட தாள் எனக்கு வேண்டும். முடிவு இல்லாத போட்டி போட்டி இல்லை, போட்டி இல்லாத கழகம் கழகம் இல்லை" என்றார்.

எங்கட கிளித்தட்டுத்தான்

பன்னிரண்டு பேரை எங்கே பிடிப்பது? பலேர்மோ இளைஞர்களிடம் கேட்டால், காலால் ஆடாத உதைபந்து எதற்கு என்றார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்ற எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் வந்தேன். எல்லாரும் வீட்டு வேலைக்காரர். வியாழன் பிற்பகல் எல்லாருக்கும் அரைநாள் லீவு.

"அண்ணை, எனக்கு அது விளங்காது" என்றான் சூசை. ஒரு டாக்டர் வீட்டில் சமையல்காரன். ஊரில் அவனை ஓடிப் பிடித்தவர் ஒருவரும் இல்லை.

"உனக்கு விளங்காதோ? எங்கட கிளித்தட்டுத்தான்ரா, பந்தோடை" என்றேன். "கோட்டிலை நிக்கிறவன் மறிப்பான். நீ அவனை ஏய்ச்சு, உச்சிப்போட்டுக் கடந்து போகவேணும். அவ்வளவுதான்."

"அட, கிளித்தட்டே! அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றான். ஊரில் கிளித்தட்டு ஆடாமல் வளர்ந்தவன் எவன்? அவனோடு இன்னும் பதினொரு பேர் உடனே சேர்ந்தார்கள்.

நான் செய்த பிழை அந்த ஒரு வசனம்தான். விதிப்புத்தகம் முழுவதையும் தமிழில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தேன். ஒருவனும் படிக்கவில்லை. கிளித்தட்டுத்தானே, படிக்க என்ன இருக்கிறது?

முதல் பயிற்சியிலேயே எதிரியைத் தொட்டுவிட்டு நின்றார்கள். தொட்டாயிற்று, இனி அவன் வெளியே போக வேண்டியதுதானே என்று காத்திருந்தார்கள். தொடக் கூடாது, கட்டிப்பிடித்து விழுத்த வேண்டும் என்று கோச் செய்து காட்டினார். பிறகு கட்டிப்பிடித்தார்கள், விழுத்தினார்கள், "ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டார்கள், கை கொடுத்துத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டார்கள். கோச் தலையில் கை வைத்துக்கொண்டு, "கெட்ட பிள்ளைகளாக இருங்கள்!" என்று கெஞ்சினார்.

கோயில் முற்றம் சின்னது. அதனால் பயிற்சியில் ஒருவனும் கடைசிக் கோடுவரை ஓடியதில்லை. அங்கே போனபிறகு என்ன செய்வார்கள் என்பது கோச்சுக்கும் எனக்கும் தெரியாமலே போயிற்று.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கனடாவிலிருந்து வரவேண்டிய கவசங்களும் தலைக்கவசங்களும் துறைமுகத்திலே நின்றுவிட்டன. அவை விளையாட்டுச் சாமானா, பாதுகாப்புச் சாமானா என்று ஏதோ ஒரு பத்திரத்தில் தெளிவில்லையாம். கோச் வீட்டுக்கு வந்து பெரிய பெட்டியைத் திறந்தார்.

"கனமான துணி. போதும்" என்றார்.

முன்வரிசையில் ஏழு பேர் நிற்க வேண்டும். கோட்டுகள் ஆறு. ஏழாவதாக, சிஞ்ஞோராவின் அலமாரியில் அந்த உரோமக் கோட்டு தொங்கியது.

எலுமிச்சை மரங்களுக்குள்

கத்தானியாவில் அமெரிக்க முறையில் ஆடும் ஒரு கழகம் வருவதற்கு ஒப்புக்கொண்டது. அவர்கள் பதினொரு பேர்தான். பன்னிரண்டாவதாகப் பஸ் சாரதியை இறக்கினார்கள். எங்களில் ஒருவனுக்கு அன்றைக்குக் கம்பளம் தட்டும் நாள், அவன் வீட்டு எசமானி விடமாட்டேன் என்றுவிட்டார். அதனால் பொது முகாமையாளராகிய நானே உரோமக் கோட்டுக்குள் இறங்கினேன்.

கனடிய மைதானத்தின் நீளத்துக்குப் பலேர்மோவில் மைதானமே இல்லை. ஒரு பக்கத்தின் கடைசிப் பகுதி முழுவதும் பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்துக்குள் போய்விட்டது. நானே சுண்ணாம்பு போட்டு மரங்களுக்கு நடுவில் கோடு இழுத்தேன். அந்த நிழலில் இஸ்பெத்தோரேவுக்கு ஒரு நாற்காலி. சமையலுக்குப் பொறுப்பாக வந்த ரீத்தா அக்கா அவருக்கு மீன் கட்லட் ஒரு தட்டு கொடுத்து, "தின்னுங்கோ ஐயா, வடிவாத் தின்னுங்கோ" என்று தமிழில் உபசரித்தார். அவரும் தின்றார்.

நடுவர் காலால் ஆடும் உதைபந்தாட்டத்தின் நடுவர். அன்று காலைதான் விதிகளைப் படித்தவர். விசிலை வாயில் வைப்பார், யோசிப்பார், எடுத்துவிடுவார்.

இரண்டு மணிநேரம் ஆடினோம். ஒருவருக்கும் ஒரு புள்ளி இல்லை. கரடியும் கோதுமைக் கதிரும் பெயர் தெரியாத பறவையும் வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடின. கோச் மைதானத்தின் ஓரம் நின்று, தன்னைத் துரத்திய ஆறு கழகங்களும் ஒன்றாகச் சேர்ந்து தனக்காக ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வெயிலாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நான் முதலில் சொன்ன இடம் வந்தது. இறைச்சிக்கடைக்காரர் என் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டார். அந்த இடைவெளியால் சூசை பந்தோடு புகுந்தான்.

ஒருவனை இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் போனான். இன்னொருவனைச் சுற்றினான். பஸ் சாரதிக்கு அடியால் குனிந்து போனான். கடைசியில் எலுமிச்சை மரங்களுக்குள் நுழைந்து மறைந்தான். ஆறு புள்ளி! கோச் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். இலைகளுக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் நடுவர் விசிலை வாயில் வைத்து யோசித்தார்.

கிளித்தட்டில் அந்தக் கரைக்குப் போய்விட்டால் பாதிதான். போகிறவன் காய். எல்லாக் கோட்டையும் மறுபடி கடந்து, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் பழம். அதற்குத்தான் கணக்கு.

மரங்களுக்குள்ளிருந்து சூசை பந்தோடு திரும்பி வந்தான். தலைக்கவசத்தில் ஒரு எலுமிச்சங் கிளை. முகமெல்லாம் சிரிப்பு.

"நில்லுடா!" என்று கத்தினேன். என் குரல் ரீத்தா அக்காவின் குரலுக்கு முன்னால் எடுபடவில்லை.

"பழம்! பழம்! விடாதை சூசை, வீட்டை வா!"

எங்கள் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அவனுக்கு வழி விலக்கிக் கொடுத்தார்கள். மைதானம் முழுவதையும் திரும்ப ஓடி, எங்கள் சொந்தக் கடைசிக் கோட்டையும் கடந்து, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு "பழம்!" என்றான். அவன் வாயை மூடுவதற்குள் கத்தானியாக்காரர் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். அப்போது நடுவர் விசில் அடித்தார், ஆட்ட நேரமும் முடிந்தது.

ஆறா, இரண்டா

கத்தானியாவின் பயிற்சியாளர் ஓடிவந்தார். சொந்தக் கடைசிப் பகுதிக்குள் பந்தோடு பிடிபட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி, அதுதான் சட்டம் என்றார். கோச் சொன்னார், பந்து அந்தக் கரையில் கோட்டைக் கடந்த கணமே ஆறு புள்ளி, அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை, சூசை ரோமாபுரிவரை ஓடினாலும் செல்லாது என்று. கோச் சொன்னது சரி. விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதியவன் நான்.

"கோட்டைக் கடந்ததை நான் காணவில்லை" என்றார் நடுவர். "நீங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் முடிவில்லை என்று எழுதிவிட்டுப் போகிறேன்."

அரை மணிநேரம் போயிற்று. கத்தானியாவின் பஸ் சாரதி கவசத்தைக் கழற்றிவிட்டு எஞ்சினைப் போட்டார். எங்கள் ஆட்கள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"அல்போன்ஸ் அண்ணை, ஏழு மணிக்கு டாக்டர் வீட்டிலை மேசை போடவேணும். நான் என்ன பிழை விட்டனான்? பழம்தானே?" என்றான் சூசை.

"ஓமடா, பழம்தான். நான்தான் பிழை" என்றேன்.

நடுவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். தூரத்தில் இஸ்பெத்தோரே நாற்காலியிலிருந்து எழுந்து, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்துவரத் தொடங்கினார். முடிவில்லை என்றால் கழகமில்லை. கழகமில்லை என்றால் ஜெசிந்தாவுக்கு நான் என்ன எழுதுவேன்?

கோச் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். வேலைக்குமேல் வேலையை அந்தப் புத்தகத்துக்காக விட்ட மனிதர். அதை மெதுவாக மூடிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நான் சொன்னது பிழை" என்றார். "கோட்டைக் கடக்கவில்லை. ஆனால் இரண்டு இல்லை. கனடாச் சட்டப்படி இதற்கு ஒரு புள்ளி. உங்களுக்கு ஒன்று, எங்களுக்குச் சைபர். நீங்கள் வென்றீர்கள்."

அப்படி ஒரு சட்டமே இல்லை. அந்த ஒரு புள்ளி உதைத்த பந்துக்குத்தான், கையில் கொண்டு ஓடிய பந்துக்கு அல்ல. அந்த மைதானத்தில் அதை அறிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்தான். கத்தானியாவின் பயிற்சியாளர் தலையை ஆட்டினார். ஒன்றோ இரண்டோ, வெற்றி வெற்றிதானே? கை கொடுத்தார். நடுவர் எழுதினார். மூன்று கையெழுத்தும் விழுந்தன.

இஸ்பெத்தோரே வந்து சேர்ந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அந்தப் பையன் என் நாற்காலியைச் சுற்றித்தான் திரும்பினான்" என்றார் கோச்சிடம், மெல்லிய குரலில். "என்னிடம் 'ஸ்கூசி' என்றும் சொன்னான். என் நாற்காலி கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது."

கோச் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பொய் சொன்னேன்" என்றார். ஆறு வயதுப் பிள்ளையின் சொற்கள்தான் அவரிடம் இருந்தன.

இஸ்பெத்தோரே தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "இருபது வருடமாகப் போலிக் கழகம், போலிக் கடை எல்லாம் பார்க்கிறேன். போலி ஒன்றும் தோற்றதில்லை" என்றார். பிறகு ரீத்தா அக்காவிடம் போய் இன்னும் இரண்டு கட்லட் வாங்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டார்.

என் முதல் உத்தியோக நடவடிக்கை

மறுநாள் காலை குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கோச் ஒரு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, கழுத்துப் பட்டி கட்டியிருந்தார்.

"அல்ஃபோன்சோ, உன் பயிற்சியாளர் விதியைப் பற்றிப் பொய் சொல்லிப் போட்டியைத் தோற்றிருக்கிறார். பொது முகாமையாளர் என்ன செய்வார்?"

"ஒன்றும் செய்ய மாட்டார்" என்றேன்.

"அப்படியென்றால் நீ உண்மையான முகாமையாளர் இல்லை. நீ உண்மையான முகாமையாளர் இல்லையென்றால் உன் ஒப்பந்தம் பொய். எழுது."

அழுதுகொண்டே எழுதினேன். அவரே வசனம் சொல்லித் தந்தார். அனுபவம் இருந்தது. 'தங்கள் சேவைக்கு நன்றி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்' என்று முடித்தோம். என் ஒப்பந்தத்துக்கு ஆபத்து இல்லை, ஏனென்றால் அதில் கையெழுத்துப் போட்டது கழகத் தலைவர். தலைவரும் அவர்தான். தலைவரை யாரும் நீக்கவில்லை.

ஜூலையில் என் பெர்மெஸ்ஸோ வந்தது. அந்தக் கிழமையே அவர் கனடாவுக்குத் திரும்பக் கப்பல் ஏறினார். ஆறு கோட்டுகளையும் எனக்கு விட்டுவிட்டு, ஏழாவதான சிஞ்ஞோராவின் உரோமக் கோட்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் எல்லாருக்கும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவர் மட்டும் அந்தக் கோட்டோடு ஏணியில் ஏறிப் போனார். நீக்கியவர்கள் கோட்டைத் திருப்பிக் கேட்பதில்லை.

ஜெசிந்தா தை மாதத்தில், நாபோலியிலிருந்து வந்த காலைக் கப்பலில் இறங்கினாள். மெல்லிய ஒரு சட்டை, உதடு நீலம் பாரித்திருந்தது. கரடி போட்ட கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டேன். கை விரல்கள் உள்ளேயே நின்றுவிட்டன.

"ஆரின்ரை கோட்டு இது?"

"எனக்கு வேலை தந்த மனுசன்ரை."

"நல்ல மனுசனாக்கும். எங்கை இருக்கிறார்? போய் ஒரு நன்றி சொல்லிப்போட்டுப் போவம்."

"கனடாவுக்குப் போட்டார். நான்தான் அவரை வேலையாலை நிப்பாட்டினனான்."

ஜெசிந்தா நடப்பதை நிறுத்தினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்த பார்வையில் இருந்த சந்தோஷமெல்லாம் போய்விட்டது.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றாள்.

துறைமுகத்திலிருந்து போர்கோ வெக்கியோவரை நடக்கிற தூரத்தில் முழுக் கதையையும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், அதே குசினி மேசையில் உட்கார்ந்து ஒரு தாள் கேட்டாள். பள்ளிக்கூட ஆங்கிலத்தில், பெரிய பெரிய எழுத்துகளில் எழுதினாள். என் கணவர் செய்தது பிழை. உங்களை மறுபடியும் பயிற்சியாளராக நியமித்திருக்கிறோம். கீழே பதவி ஒன்று போட வேண்டுமே என்று யோசித்து, 'பொது முகாமையாளரின் மனைவி' என்று கையெழுத்துப் போட்டாள்.

பங்குனியில் பதில் வந்தது. கடிதம் இல்லை, ஒரு புகைப்படம். முழங்கால்வரை பனியில் கோச் உரோமக் கோட்டோடு நிற்கிறார். கோட்டின் முதுகு தெரியும்படி பாதி திரும்பியிருக்கிறார். உரோமத்தின்மேல் வெள்ளைத் துணியை வெட்டி, கோணல் கோணலாகத் தானே 'பலேர்மோ' என்று தைத்திருக்கிறார்.

பின்பக்கத்தில் இரண்டே வரி இருந்தது. அவருடைய வாழ்க்கையில் ஏழு கழகங்கள் அவரை வெளியே அனுப்பியிருக்கின்றனவாம். திரும்ப எடுத்தது இது ஒன்றுதானாம்.